செய்திக்கும் மாற்று உண்டு: கோலார் தங்கவயலின் இருநூறாண்டுப் பாடம்

கோலார் தங்கவயலைப் பற்றிச் சமூக ஊடகங்களில் சுற்றிவரும் செய்திகளுக்குக் குறைவில்லை. ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த ஊர் இதுதான் என்கிறது ஒன்று. உலகிலேயே ஆழமான சுரங்கம் இங்கேதான் என்கிறது மற்றொன்று. திரைப்படத்தில் கண்டது அப்படியே நடந்த வரலாறு என்று ஒருவர் எழுதுகிறார். சுரங்கம் 80 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் திறக்கப்படுகிறது என்று இன்னொருவர் அறிவிக்கிறார். இவற்றுள் முழு உண்மையும் உண்டு, அரை உண்மையும் உண்டு, வெறும் பொய்யும் உண்டு. மூன்றும் ஒரே எழுத்தில், ஒரே வேகத்தில், ஒரே நண்பரிடமிருந்து வந்து சேர்கின்றன. எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பதை வாசிப்பவர் சில நொடிகளில் முடிவு செய்துவிடுகிறார்.

அந்த முடிவு எதன்மேல் நிற்கிறது என்ற கேள்வி புதியதன்று. தங்கவயலின் வரலாறே ஒரு வதந்தியை நம்புவதா வேண்டாமா என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் மைசூர் நாட்டின் எல்லைகளை அளக்கும் பணி நடந்தது. 1802இல் கிழக்கு எல்லைப் பகுதியில் அளவைப் பணியில் இருந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இப்பகுதி மண்ணில் பொன் கிடைக்கிறது என்று ஊரார் பேசிக்கொள்வதைக் கேள்விப்பட்டார். அவருக்கு முன்னும் பலர் அதைக் கேட்டிருக்கக்கூடும். கேட்டவர்களுக்கு இரண்டு வழிகள் எளிதாக இருந்தன. நாட்டுப்புறத்தார் கதை என்று ஒதுக்கிவிடலாம். அல்லது புதையல் ஆசையில் அப்படியே நம்பிவிடலாம். வாரன் இரண்டையும் செய்யவில்லை. பொன்னைக் காட்டுவோர்க்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். உரிகம், மாரிக்குப்பம் முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் வண்டியில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே நீரில் அரித்துக் காட்டினர். தட்டின் அடியில் பொன்துகள் தங்கியது. மாரிக்குப்பத்தின் அருகே ஆழம் குறைந்த குழிகளில் இறங்கிப் பறையர்கள் பொன்கல் எடுத்துவந்ததையும் அவர் நேரில் சென்று கண்டார்.

சொன்னவர்கள் யார் என்பதை வாரன் அளவுகோலாகக் கொள்ளவில்லை. அன்றைய ஆட்சியாளர் கண்ணிலும், உள்ளூர்ச் சாதி வரிசையிலும், அவர்களைவிடக் குறைவாக மதிக்கப்பட்ட சாட்சிகள் இருந்திருக்க முடியாது. ஆனால் அவர்களுடைய சொல் சோதிக்கத்தக்க சொல்லாக இருந்தது. ‘இந்த மண்ணை இப்படி அரித்தால் இது கிடைக்கும்’ என்பது அதன் வடிவம். எவர் அரித்தாலும் கிடைக்கவேண்டும். கிடைக்காவிட்டால் சொல் பொய். நம்பகத்தன்மை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நூல்களில் காண்பது அரிது.

வாரனின் குறிப்பு அச்சேறியது. அதன்பின் பல்லாண்டுகள் நடந்த சில முயற்சிகள் பெரும்பயன் தரவில்லை; செய்தி தூங்கியது. நியூசிலாந்துப் போரில் பணியாற்றி ஓய்வுபெற்று, பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறிய மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவேல் 1871இல் அந்தப் பழைய குறிப்பைப் படித்தார். படித்ததோடு நிற்காமல் மாட்டுவண்டியில் கோலார்ப் பக்கம் பயணம் செய்து, நிலத்தை நேரில் ஆராய்ந்தார். 1873இல் மைசூர் அரசிடம் உரிமம் கேட்டார். 1875இல் அது கிடைத்தது. தங்கவயலின் நவீன காலம் இங்கே தொடங்குகிறது.

இந்த நிகழ்வைச் சொல்லும் பதிவுகள் பெரும்பாலும் ஒரு விவரத்தைச் சேர்த்தே சொல்கின்றன: லவேல் படித்தது ‘ஏஷியாட்டிக் ஜர்னல்’ இதழில் 1804இல் வெளியான நான்கு பக்கக் கட்டுரை. இதழின் பெயர், ஆண்டு, பக்க எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருப்பதால் இது ஆய்வுநெறிப்பட்ட மேற்கோள் போலத் தோற்றமளிக்கிறது. ஆனால் அப்பெயரில் புகழ்பெற்ற லண்டன் திங்களிதழ் தொடங்கப்பட்டதே 1816இல்தான். 1804இல் அந்த இதழே இல்லை. 1799 முதல் ‘ஏஷியாட்டிக் ஆனுவல் ரெஜிஸ்டர்’ என்னும் ஆண்டுத் தொகுதி ஒன்று வந்துகொண்டிருந்தது; இரண்டின் பெயர்களும் மயங்கியிருக்கலாம், அல்லது ஆண்டு பிறழ்ந்திருக்கலாம். வாரன் எழுதியதோ லவேல் படித்ததோ இதனால் பொய்யாகிவிடாது. ஆயினும் எத்தனையோ பேர் எடுத்தெழுதிய ஒரு மேற்கோளை எழுதியவர்களில் பெரும்பாலோர் திறந்து பார்க்கவில்லை என்பது இதனால் தெரிகிறது. ஒரே ஊற்றிலிருந்து நூறு பேர் மொண்டு வந்தால் அது நூறு ஊற்று ஆகிவிடாது.

அச்சும் பெரிய பெயர்களும் தரும் மயக்கத்திற்கு இன்னும் பெரிய சான்று அடுத்த பத்தாண்டில் கிடைத்தது. இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகள் அன்று தென்கிழக்கு வயநாடு எனப்பட்டன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறையில் பணியாற்றிய பிரவ் ஸ்மித், இந்திய அரசின் வேண்டுகோளின்பேரில் அங்குள்ள பொன்பாறைகளை ஆய்ந்து 1880இல் அறிக்கை அளித்தார். லண்டனில் பங்குக் காய்ச்சல் பிறந்தது. வயநாட்டுத் தங்கத்தின் பெயரில் நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பதிவாயின. பட்டம் பெற்ற இயக்குநர்கள், அழகிய அச்சில் பங்கு அறிக்கைகள், நிபுணர்களின் கையொப்பங்கள் எல்லாம் இருந்தன. பந்தலூர் திடீர் நகரமாயிற்று. சில ஆண்டுகளில் பாறையை அரைத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பொன் இல்லை. நிறுவனங்கள் மடிந்தன. அறிக்கையில் ஒளிர்ந்த எண்களுக்கும் ஆலையில் அரைபட்ட கல்லுக்கும் இடையே இருந்த தூரத்தைப் பங்கு வாங்கியோரில் மிகச் சிலரே கேட்டிருந்தனர்.

இதே காய்ச்சலின்போது பிறந்ததுதான் கோலாரின் மைசூர் தங்கச் சுரங்க நிறுவனமும். அதுவும் முதலில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு மூடும் நிலைக்கு வந்தது. வயநாட்டில் ஏமாந்தவர்களுக்கு இனி எந்தப் பொன் செய்தியும் பொய்யாகவே தோன்றியிருக்கும். ஆனால் ஜான் டெய்லர் நிறுவனத்தார் எஞ்சிய பணத்தில் இன்னும் ஒரு முயற்சி செய்தனர். சுரங்கத் தலைவர் பிளம்மர், முன்னோர் தோண்டிவிட்டுப் போன பழங்குழிகளின் அடியைத் தொடர்ந்து ஆழமாகச் சென்றார். 1880களின் நடுவில் சாம்பியன் ரீஃப் எனப்பட்ட வளமான பொன்படிவம் வெளிப்பட்டது. பெயரும் எழுத்தும் விட்டுச்செல்லாத பழங்காலத் தொழிலாளர்கள் தம் குழிகளையே சாட்சியாக விட்டுச்சென்றிருந்தனர். அனைத்தையும் நம்புவது எத்தகைய பிழையோ, ஒருமுறை ஏமாந்தபின் அனைத்தையும் மறுப்பதும் அத்தகைய பிழையே என்பதற்கு வயநாடும் கோலாரும் அருகருகே நிற்கும் எடுத்துக்காட்டுகள்.

சுரங்கம் பெருகியபோது வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பல்லாயிரம் குடும்பங்கள் வந்து குடியேறின. அவர்களில் மிகப்பலர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். இவர்களுடைய முன்னோரின் சொல்லைச் சோதித்துத்தான் தங்கவயல் பிறந்தது. ஆனால் வளர்ந்த தங்கவயலில் தொழிலாளியின் சொல்லுக்கு மதிப்பு இல்லை. பொன் திருட்டைத் தடுப்பதற்கென்று தனிச் சட்டவிதிகள் வந்தன. பொன்கலந்த கல்லை வைத்திருப்பவர் அது எப்படி வந்தது என்று விளக்கவேண்டியவரானார். தட்டி வீடுகளிலும் சுரங்க வாயிலிலும் சோதனை நடந்தது. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டம் வந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். போராட்டம் ஏறத்தாழ மூன்று வாரம் நீடித்தது. அடையாளத்திற்காக மட்டுமே என்ற நிருவாகத்தின் விளக்கத்தை அவர்கள் ஏற்கவில்லை. குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டோரிடம் கைரேகை எடுக்கப்பட்ட காலம் அது. தம்மை நம்பாதவர்கள் தரும் விளக்கத்தைத் தாம் மட்டும் நம்பவேண்டும் என்பதைத் தொழிலாளர்கள் மறுத்ததில் வியப்பில்லை. அதிகாரப்பூர்வமான செய்தியை மக்கள் ஏன் ஐயுறுகிறார்கள் என்று இன்று கேட்போர் இந்தக் கணக்கையும் பார்க்கவேண்டும். நம்பிக்கை ஒருவழிப் பாதையன்று.

அந்த ஐயத்திலிருந்து தங்கவயல் மக்கள் வதந்திக்குப் போகவில்லை, அச்சுக்குப் போனார்கள் என்பது இவ்வூரின் பெருமை. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது ‘தமிழன்’ ஆயிற்று. மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை இயங்கியது. இதழின் உறுதியான ஆதரவாளர்கள் தங்கவயலில் இருந்தனர். 1914இல் பண்டிதர் மறைந்தபின் இதழ் நலிந்தது. 1920களின் நடுவில் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியத்துவத்தில் அது தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. வழிவழியாகச் சொல்லப்பட்டுவந்த சாதி வரலாறுகளை யார் எழுதினார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்கும் பழக்கத்தை இவ்விதழ் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கொண்டுவந்தது. பண்டிதர் காட்டிய சான்றுகள் சிலவற்றின் மூலம் குறித்து ஆய்வாளரிடையே இன்றும் விவாதம் உண்டு. அவர் கற்றுத்தந்த கேள்வியை அவர் எழுத்தின்மீதே கேட்பது அவருக்குச் செய்யும் குறையன்று, மரியாதையே.

சொன்னவர் யார் என்பதைக்கொண்டு மட்டும் ஒரு செய்தியை எடைபோட முடியாது என்பதற்குத் தங்கவயலின் அறிவியல் வரலாறும் ஒரு சான்று தருகிறது. பூமிக்கடியில் பிற அண்டக்கதிர்கள் எட்டாத ஆழம் வேண்டி, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் இங்கே ஆய்வுக்கூடம் அமைத்தனர். ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோக்களின் தடயத்தை 1965இல் பதிவு செய்தனர். ஏறத்தாழ அதே காலத்தில் தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் பிரடெரிக் ரெயின்ஸின் குழுவும் தனியாக அதையே கண்டது. ஒருவரையொருவர் சாராத இரண்டு குழுக்கள், இரண்டு கண்டங்கள், ஒரே முடிவு. அந்தக் கண்டுபிடிப்பு நிலைத்தது. 1980களின் தொடக்கத்தில் இதே தங்கவயலில் புரோட்டான் சிதைவுக்குரியவையாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகள் அறிவிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பெரிய கருவிகள் தேடின. அவற்றுக்கு அது தென்படவில்லை. இன்றுவரை எங்கும் உறுதியாகவில்லை. நிறுவனம் அதுவே, சுரங்கம் அதுவே, நேர்மையும் அதுவே. ஆயினும் ஒரு முடிவு நின்றது, மற்றொன்று நிற்கவில்லை. வேறொருவர் வேறோரிடத்தில் அரித்துப் பார்த்தபோது தட்டில் என்ன தங்கியது என்பதே இரண்டையும் பிரித்தது.

இன்றைய வாசகர் பெரும்பாலும் வேறு அடையாளங்களைக்கொண்டு முடிவு செய்கிறார். அனுப்பியவர் தெரிந்தவரா, படம் இருக்கிறதா, துல்லியமான எண் இருக்கிறதா, முன்பே கேட்டதுபோல் இருக்கிறதா என்பவை அவை. கடைசி அடையாளம் மிகவும் வலியது. திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று, திரும்பக் கேட்டதனாலேயே உண்மை போலத் தோன்றுகிறது என்பதை 1977இல் அமெரிக்க உளவியலாளர்கள் சோதனை மூலம் காட்டினர். படிப்பு ஒன்றே இதற்குக் காப்பாகாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் செய்தி சரிபார்ப்பவர்களையும் இணையப் பக்கங்களை மதிப்பிடச் செய்து 2017இல் முடிவை வெளியிட்டனர். பேராசிரியர்களிலும் பலர் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தனர். சரிபார்ப்பவர்களோ அந்தப் பக்கத்தை நெடுநேரம் வாசிக்காமல், அதைவிட்டு வெளியே சென்று பிறர் அதைப்பற்றி என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்தனர். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தனர். வாரன் செய்ததும் ஏறத்தாழ இதுவே. சொல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டிராமல், சொல்லுக்கு வெளியே இருந்த மண்ணுக்குப் போனார்.

தொடக்கத்தில் கண்ட செய்திகளை இவ்வாறு அரித்துப் பார்க்கலாம்.

முதலில் மின்சாரம். காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 1902 ஜூன் இறுதியில் மின்சாரம் வந்தது உண்மை. 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே அதைக் கொண்டுவந்தது அக்காலத்தில் உலகின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று. 1905இல்தான் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தன என்பதும் உண்மை. ஆனால் டார்ஜிலிங்கின் சித்ராபோங் நீர்மின் நிலையம் 1897இலேயே இயங்கியது. கல்கத்தாவில் 1899இலும், ஜப்பானின் டோக்கியோவில் 1880களிலும் மின் வழங்கல் தொடங்கிவிட்டது. ஆகவே ‘ஆசியாவில் முதல்’ என்பது நிற்காது. மேலும் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்தின் பொறிகளை ஓட்டுவதற்காக; தொழிலாளர் குடிசைக்கு விளக்கேற்றுவதற்காக அன்று. பொய்ப் பெருமையை அகற்றினால், அடியில் இருக்கும் உண்மைப் பெருமையும் உண்மைக் குறையும் சேர்ந்தே தெரிகின்றன.

அடுத்தது ஆழம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதைவிட ஆழமான தங்கச் சுரங்கங்கள் தென்னாப்பிரிக்காவில் உள்ளன.

பிறகு திரைப்படம். 2018இலும் 2022இலும் வெளியான கன்னடப் படங்களில் வரும் நராச்சி கற்பனை. படக்கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்தில் உண்மையான சுரங்கங்கள் ஜான் டெய்லர் நிறுவனத்தாரிடமிருந்து 1956இல் மைசூர் அரசுக்கும், 1962இல் மத்திய அரசுக்கும் மாறின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தனியொரு கொடுங்கோலனின் கோட்டையாக அது என்றும் இருந்ததில்லை. உண்மையான கொடுமை வேறுவிதமானது. பாறைவெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் இருந்தது. கற்பனைக் கொடுமை புகழ்பெறும்போது உண்மைக் கொடுமை மறக்கப்படுகிறது.

இறுதியாக மறுதிறப்பு. வாழ்க்கையே பணயமாக இருக்கும் செய்தி இது. சுரங்கம் மூடப்பட்டது 2001 பிப்ரவரி 28 அன்று. 80 ஆண்டுகளுக்கு முன் அன்று. அந்த ஒரு பிழையே அச்செய்தியை எழுதியவர் ஊரை அறியாதவர் என்பதைக் காட்டிவிடும். 2013இல் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோர உச்ச நீதிமன்றம் வழிவிட்டபோதும் சுரங்கம் திறக்கப்படும் என்றே பேசப்பட்டது, திறக்கப்படவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு அளித்தது, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மேடுகளில் பொன் எடுப்பதற்கு. ஊரார் சயனைடு மேடு என்று அழைக்கும் அந்தக் குன்றுகள், அரைத்துப் பொன் பிரித்தபின் கொட்டிய மண். மேட்டு மண்ணை மறுபடி பதப்படுத்துவது ஒரு வேலை. நீர் நிறைந்த ஆழ்சுரங்கங்களில் மீண்டும் இறங்குவது முற்றிலும் வேறு வேலை. முன்னதற்குத் தேவைப்படும் ஆட்கள் மிகக் குறைவு. இரண்டையும் ‘சுரங்கம் திறக்கிறது’ என்ற ஒரே தலைப்பில் அடக்கும்போது, வேலைக்காக நாள்தோறும் விடியலுக்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞருக்கும், நிலுவைத் தொகைக்கும் வீட்டு உரிமைக்கும் காத்திருக்கும் முன்னாள் தொழிலாளிக்கும் அது வெறும் தலைப்பன்று. வீட்டை விடுவதா, இருப்பதா என்ற முடிவு அதில் தொங்குகிறது. காற்றில் பறக்கும் அந்த மேட்டு மண்ணால் என்ன நேரும் என்று அவர்கள் கேட்கவேண்டிய கேள்வியும் அந்தத் தலைப்பின் கீழ் புதைந்துபோகிறது.

ஆகவே பகிர்வதற்கு முன் கேட்கவேண்டியவை சில. இச்செய்தி எந்த ஆணையை, எந்த நாளை, எந்த இடத்தைச் சொல்கிறது? அவற்றை வேறோரிடத்தில் சரிபார்க்க முடியுமா? நூறு பேர் சொல்கிறார்கள் என்றால் நூறு பேரும் ஒருவரிடமிருந்தே எடுத்தார்களா? இது பொய்யானால் இழப்பு யாருக்கு? கடைசிக் கேள்விக்கு விடை ‘எனக்கில்லை’ என்று வரும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை தேவை. லண்டனில் பங்கு வாங்கியவன் ஏமாந்தால் பணத்தோடு போயிற்று. தங்கவயலில் ஒரு குடும்பம் ஏமாந்தால் சில ஆண்டுகள் போய்விடும்.

1802இல் வண்டியில் மண்ணோடு வந்தவர்களின் பெயர்கள் எந்த ஆவணத்திலும் பரவலாக வழங்கவில்லை. ‘எங்களை நம்புங்கள்’ என்று சொல்ல அவர்களுக்குப் பதவியோ பட்டமோ இல்லை. ‘அரித்துப் பாருங்கள்’ என்று மட்டும் அவர்களால் சொல்ல முடிந்தது. அது போதுமானதாக இருந்தது.